வீட்டில் பிள்ளையின் போக்கு மாறுகிறதா? முதல் சில வாரங்களில் செய்ய வேண்டியவை

நன்றாகப் படித்துக்கொண்டோ வேலைக்குப் போய்க்கொண்டோ இருந்த பிள்ளை, வயது பதினாறிலிருந்து முப்பதுக்குள், கடந்த சில மாதங்களாக ஆளே வேறு மாதிரி ஆகிவிட்டான், என்ன ஏது என்று உங்களுக்கும் புரியவில்லை, வெளியில் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எழுத எளிதாக இருக்கட்டும் என்று "பையன்" என்றே எழுதுகிறேன். பெண் பிள்ளைகளுக்கும் இதேதான் பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு நீங்களே நோயின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அது மருத்துவரின் வேலை. "நோய்தானா என்று உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் போகலாம்" என்று உட்கார்ந்திருக்காமல், சந்தேகம் வந்ததுமே மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதுதான் உங்கள் வேலை. அவர் பார்த்து ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகத் திரும்பி வரலாம், அரை நாள் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் இந்த அவசரம்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோய்களில், யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, இல்லாத சதியை இருப்பதாக நம்புவது போன்றவை தொடங்கிய நாளுக்கும் சரியான சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போனது என்பதை மருத்துவர்கள் தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். இந்த இடைவெளி நீள நீள, தேறுவது மெதுவாகிறது, பழைய படிப்புக்கும் வேலைக்கும் திரும்புவது கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். நார்வேயின் ரோகலாண்ட் பகுதியில் 1997 முதல் செய்தித்தாள், வானொலி, பள்ளிக்கூடம் எல்லாவற்றின் வழியாகவும் இந்த அறிகுறிகளை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யார் வேண்டுமானாலும் நேரடியாகக் கூப்பிடலாம் என்று மருத்துவக் குழுக்களையும் அமைத்தார்கள். அதற்கு முன்பு அங்கே நோய் வந்தவர்களில் பாதிப்பேர் 26 வாரத்துக்கு மேல் சிகிச்சையில்லாமல் இருந்தார்கள், அந்த 26 வாரம் 5 வாரமாகக் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இப்படி ஒரு ஏற்பாடு இல்லாத பகுதிகளைவிட இங்கே முழுமையாகத் தேறியவர்களின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. புது மருந்து எதுவும் இதற்குக் காரணம் இல்லை, அதே மருந்துகள்தான், கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தன.

நம் நாட்டில் 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, சிகிச்சையே கிடைக்கவில்லை என்று சொன்னது. மருத்துவர்கள் போதாதது ஒரு காரணம். ஆனால் நான் பார்த்தவரையில் பாதி நேரம் வீட்டுக்குள்ளேயேதான் போகிறது. "வயசுக் கோளாறு", "காதல் தோல்வியா இருக்கும்", "செமஸ்டர் முடியட்டும்", "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று ஒவ்வொன்றும் சில மாதங்களைத் தின்றுவிடுகிறது. அந்த மாதங்களில்தான் அரியர் விழுகிறது, வேலை போகிறது, நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், அக்கம்பக்கத்தில் சண்டையாகி வீடு மாற வேண்டியிருக்கிறது. நோய் பின்னால் குணமானாலும் இவையெல்லாம் தானாகத் திரும்பி வருவதில்லை.

எதைக் கவனிப்பது

எல்லாரும் எதிர்பார்ப்பது சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுவதை. தொடக்கம் பெரும்பாலும் அப்படி இருக்காது, சத்தமே இல்லாமல்தான் வரும். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவான், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வான், நாள்கணக்கில் குளிக்க மாட்டான், பிடித்த கிரிக்கெட்டையோ பாட்டையோ விட்டுவிடுவான். முன்பு அரை மணியில் படித்த பாடத்தை இப்போது ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். திடீரென்று பிரபஞ்சம், கடவுள், தனக்கு வந்திருக்கும் சிறப்புக் கட்டளை என்று, முன்பு அறவே பேசாத விஷயங்களில் மூழ்குவதும் உண்டு.

அடுத்த கட்டத்தில் பயமும் சந்தேகமும் வரும். ஜன்னலைச் சாத்துவான், போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் தானே பிரித்துச் சாப்பிடுவான், டிவியில் பேசுபவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பான், தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்வதுபோல முணுமுணுப்பான் அல்லது சிரிப்பான். இவை வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

முதல் வகை அறிகுறிகளில் ஒன்று மட்டும் இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். பரீட்சை நேரத்தில் எந்தப் பிள்ளைதான் ஒழுங்காகத் தூங்குகிறது? இரண்டு மூன்று சேர்ந்து வந்து, சில வாரங்களாக நீடித்து, அவனுடைய பழைய குணத்திலிருந்து தெளிவாக விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள், ஒரு வருடத்துக்கு முந்தைய அவனோடு ஒப்பிடுங்கள். கஞ்சா பழக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இதுபோல இருந்திருந்தாலோ இன்னும் சீக்கிரம் போவது நல்லது. தாத்தாவின் தம்பி "வீட்டை விட்டுப் போயிட்டார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் கதைகள் நிறையக் குடும்பங்களில் இருக்கின்றன, அவற்றையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், மருத்துவருக்கு அது உதவும்.

மனச்சிதைவை மனதில் வைத்து இதுவரை சொன்னேன், ஏனென்றால் தாமதத்தால் அதிகம் இழப்பது அதில்தான். மற்றவற்றுக்கும் வழி இதேதான். இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், கண்டபடி செலவு செய்து, பெரிய பெரிய திட்டம் பேசுவது, அதிக உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையும் சோர்வுமாக இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால் மனச்சோர்வைச் சந்தேகியுங்கள். மனச்சோர்வு என்று போகிறவர்கள், முன்பு எப்போதாவது அந்த "அதிக உற்சாக" நாட்கள் இருந்ததா என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருதுருவ நோயில் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை மறுபக்கம் எகிறிவிடக்கூடும்.

ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "கிறுக்குத்தனமா நடந்துக்கிட்டான்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "ராத்திரி 2 மணிக்கு எழுந்து கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை பார்த்தான், யாரோ வெளியில் நிற்கிறார்கள் என்றான்" என்று எழுதினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, முதல் மாற்றம் எப்போது தெரிந்தது என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசியுங்கள். தீபாவளிக்கு முன்பா பின்பா, பாட்டி இறந்த பிறகா என்று கேட்டுப்பார்த்தால் மாதம் பிடிபட்டுவிடும்.

நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள்

சாவைப் பற்றிப் பேசினாலோ, கயிறு, பூச்சி மருந்து என்று தேடினாலோ, தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, நாள்கணக்கில் சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலோ, உடனே மருத்துவமனை. 108ஐக் கூப்பிடலாம். தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். "சாகிற மாதிரி ஏதாவது தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்ட பிறகுதான் பல பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

காய்ச்சலோடும் வலிப்போடும் குழப்பம் வந்தால், ஓரிரு நாளில் ஆள் திடீரென்று மாறிவிட்டால், முதலில் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூளையில் தொற்றோ வீக்கமோ இருக்கலாம். அப்புறம் பிரசவமான பெண்கள். குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல், குழப்பமாக, குழந்தையைப் பற்றி விசித்திரமாக ஏதாவது பேசினால் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்த நோய், தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் குணமாகக்கூடியதும் இதுதான்.

எப்படிப் பேசி அழைத்துப் போவது

பெரும்பாலான குடும்பங்கள் திணறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். "உனக்கு மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட வா" என்று தொடங்கினால் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும். அவன் பார்வையில் அவனுக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பிரச்சினை. அவன் நம்புவதைப் பொய் என்று நிரூபிக்கப் போனால் நீங்களும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினால் அவன் பயம் இன்னும் உறுதிப்படும். இரண்டும் வேண்டாம். அவனுக்கு எது கஷ்டமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது தூக்கமாகவோ பயமாகவோ இருக்கும்.

"அம்மா, சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என்னைப் பத்தியே பேசுறாங்க" என்கிறான் என்று வையுங்கள். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கலப்பா. ஆனா உனக்குக் கேக்குதுன்னா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. நாலு நாளா நீ தூங்கவே இல்ல. தூக்கத்துக்காவது ஒரு டாக்டரப் பாத்துட்டு வருவோம், நானும் கூடவே இருக்கேன்" என்று அம்மா சொல்லலாம். இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரே நாளில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மறுநாள் மறுபடி கேளுங்கள். அப்பா சொன்னால் எரிந்து விழுபவன் தாய்மாமன் சொன்னால் கேட்பான், சில வீடுகளில் அக்கா, சில வீடுகளில் கல்லூரி நண்பன். யார் பேசினால் எடுபடும் என்று பார்த்து அவரைப் பேசவிடுங்கள், பத்துப் பேர் சூழ்ந்து உட்கார்ந்து பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

கோயிலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி மருத்துவமனை வாசலில் இறக்குவதும், சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் நம் வீடுகளில் நடப்பவைதான். வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ஒருநாள் தெரியவந்தால், பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். இந்த நம்பிக்கை வருடக்கணக்கில் தேவைப்படப் போகிறது, அதை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

அவன் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் நோட்டோடு போய் மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று வந்துவிட்டால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சட்டப்படி அவனுக்கு நியமனப் பிரதிநிதியாக (அவன் சார்பில் பேசுபவராக) இருப்பவர் விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொன்னால், 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்க வழி இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்திருக்கிறது.

எங்கே போவது

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பையனுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் பேசி வழி கேட்டுக்கொள்ளவும் செய்யலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல எண் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும், ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேட்டாலே அனுப்பிவிடுவார்கள், மாத்திரையும் அங்கேயே இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும், உங்கள் ஊர் ஜிஹெச்சில் எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே பலர் பின்வாங்குகிறார்கள், ஆனால் வெளிநோயாளியாகக் காட்டி அன்றே வீடு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம். மருத்துவர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையில்தான் இருக்கிறது, முதல்முறை நோய் வந்த இளைஞர்களுக்கு என்றே அங்கே தனியாகக் கவனம் உண்டு. ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள ஒரு மனநல மையமும் சேர்ந்து, ஒரே மாதிரி சிகிச்சை பெற்றவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, சில விஷயங்களில் சென்னைப் பிள்ளைகள் மேலாக இருந்தார்கள், குடும்பங்கள் கூடவே நின்றது இங்கே அதிகமாக இருந்தது. மருத்துவமனைக் காத்திருப்பு வரிசையில் மணிக்கணக்கில் உட்காரும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் போகும் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போக வேண்டும் என்று பாட்டி சொன்னால் சண்டை போடாதீர்கள், போய்விட்டு வாருங்கள், மாத்திரையை எடுத்துக்கொண்டே போங்கள். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது துவாவோடு மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. ஆனால் யாராவது "மாத்திரையை நிறுத்து, கட்டிப்போட்டு இங்கேயே விட்டுவிட்டுப் போ" என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரையும் குணமாகும் என்று நம்பித்தான் யாரோ ஒரு வீட்டார் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

முதல் சந்திப்பில்

மருத்துவர் உங்களிடமும் பேசுவார், பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார், அப்போது வெளியே இருங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனை எழுதலாம், தேவைப்பட்டால் ஸ்கேன். உடல் நோயே இப்படிக் காட்டுவதும் உண்டு, ஆகவே இதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம், பல நேரம் சில மாதம் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும், எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே கூப்பிட வேண்டும், எந்த எண்ணில் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகு

தூக்கமும் பதற்றமும் சில நாளிலேயே சீராகத் தொடங்கலாம். குரலும் சந்தேகமும் அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். பத்தாவது நாளில் "மருந்து ஒண்ணும் வேலை செய்யல" என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போனால் எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்காது. ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளில் கை நடுக்கம், உடல் இறுக்கம், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது வரலாம், ஒலான்சபினில் பசியும் எடையும் கூடும். தொடங்கும்போதே எடையும் சர்க்கரையும் பார்த்து வைத்துக்கொண்டு, மாறினால் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி உண்டு. கழுத்தோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் பயப்படாமல் மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியில் சரியாகிவிடும். உடல் விறைத்துக் காய்ச்சலும் அடித்தால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது நான்காவது மாதத்தில் பிள்ளை தெளிவாகிவிடுவான், எல்லாருக்கும் சந்தோஷம், மாத்திரை எதற்கு என்று ஒரு பெரியப்பா கேட்பார். அந்த நேரத்தில்தான் உறுதியாக நிற்க வேண்டும். முதல்முறை நோய் வந்து தேறியவர்கள் குறைந்தது ஓரிரு ஆண்டுகளாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை, குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு பேசித்தான். நோய் மறுபடி வந்து நிற்பவர்களில் பலர் தாங்களாகவே நிறுத்தியவர்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன். கல்யாணம் சிகிச்சை ஆகாது, நோயை மறைத்து மாத்திரையை நிறுத்தி மணமேடையில் உட்கார வைப்பது இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையோடும் விளையாடுவது. தேறி, மருந்தில் நிலையாகி, இருவருக்கும் எல்லாம் தெரிந்து செய்துகொண்டு நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். திட்டும் குத்திக்காட்டலும் அதிகமுள்ள வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்பது லண்டனில் 1960களிலிருந்தே ஆய்ந்து பார்க்கப்பட்ட விஷயம், கைக்குழந்தைபோல் எல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். காலையில் பால் வாங்கி வருவது போன்ற சின்ன வேலையில் தொடங்கட்டும். கல்லூரியில் துறைத் தலைவரைப் பார்த்து ஒரு செமஸ்டர் விடுப்பு கேளுங்கள், படிப்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். நோய் நீண்டு பாதிப்பு இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் பெறலாம், 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும்.

பையன் நன்றாகத் தேறியிருக்கும் ஒரு நாளில் அவனோடு உட்கார்ந்து, "மறுபடி வர்ற மாதிரி இருந்தா முதல்ல உனக்கு என்னப்பா மாறும்?" என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியும், தூக்கம் என்பான், இல்லை கூட்டத்தைக் கண்டால் பயம் என்பான். அதை ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதட்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதோடு. பதினெட்டு வயது ஆனவர்கள், தங்களுக்கு நோய் முற்றும்போது எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது, யார் தங்கள் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, அதை எப்படிப் பதிவது என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி அவனிடம், ஒன்று உங்களிடம், ஒன்று மருத்துவரின் கோப்பில் இருக்கட்டும்.